புயலுக்காக வாங்கிய ஜீப்: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

வேதாரண்யம் பக்கத்தில் இருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் அடையாளங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வாசகருக்கு வயது 41. பல வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கொஞ்சம் தென்னந்தோப்பும் நெல் வயலும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது அவர் ஊரில் இல்லை. வீட்டில் அப்பா, மனைவி, இரண்டு குழந்தைகள். அப்பாவுக்கு ஆஸ்துமா. ஓடுகள் பறந்த வீட்டில் நனைந்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ரோடு முழுக்கத் தென்னை மரங்களும் மின்கம்பங்களும் கிடந்ததால், திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அப்பா பிழைத்துக்கொண்டார். “இப்போதும் மழை இருட்டிக்கொண்டு வந்தால் அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்” என்று எழுதியிருக்கிறார்.

ஊர் திரும்பியதும் மன்னார்குடியில் ஒருவரிடம் 1996-ஆம் வருஷ மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் ஒன்றை வாங்கியிருக்கிறார். வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. ஆர்.சி. புக் இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்திருக்கிறார். ஆர்.சி. முடிய எட்டு மாதம் பாக்கி. ஒரு பட்டறையில் 4.20 லட்சத்துக்கு மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள்: நான்கு அங்குலம் உயர்த்துவது, அகல டயர், ஸ்கார்பியோ இன்ஜின், மின்சார வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி), முன்னால் புல் பார் (இரும்புக் குழாய்த் தடுப்பு), ஸ்நார்க்கல் (இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் உயரக் குழாய்), மேலே கேரியரும் எல்.இ.டி. விளக்கும், கடைசியாக மிலிட்டரி பச்சை பெயின்ட். “இந்தப் பணத்துக்கு வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போடலாமே” என்கிறார் மனைவி.

அவர் கேட்பது மூன்று. இதெல்லாம் சட்டப்படி செல்லுமா? செய்தால் பலன் உண்டா? நண்பர்களோடு கொள்ளிடம் மணலிலும் கோடியக்கரைப் பக்கமும் ஓட்டிப் பார்க்கலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

தஞ்சாவூரில் இருபது வருஷமாக மோட்டார் வாகன வழக்குகள் நடத்துகிறேன். என் வீட்டிலும் அப்பா வாங்கிய 540 ஒன்று நிற்கிறது. அதனால் உங்கள் முதல் கேள்விக்கு வக்கீலாகவும், இரண்டாவது கேள்விக்கு அந்த ஜீப்பின் அடியில் படுத்து எழுந்தவனாகவும் பதில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் இருப்பது வண்டி ஆசை மட்டும் இல்லை என்பது புரிகிறது. அன்று ஊரில் இல்லாமல் போனோமே என்ற தவிப்பும் இருக்கிறது. அந்தத் தவிப்புக்குப் பட்டறை கொடுத்த பட்டியல் மருந்தாகுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில் பெயரை மாற்றுங்கள்

நீங்கள் கேட்காத ஒன்றில் இருந்து தொடங்குகிறேன். அவசரமானது அதுதான். கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவம் 29, 30 உங்கள் பீரோவில் இருக்கிறது என்பதால் வண்டி உங்களுடையது ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவுப்படி விற்றவர் 14 நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும். வாங்கிய நீங்கள் 30 நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். இரண்டும் தாண்டிவிட்டது. நாளைக்கே ஒரு விபத்து நடந்தால் நஷ்டஈட்டு வழக்கில் முதலில் இழுக்கப்படுவது மன்னார்குடிக்காரர்தான். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. உங்களை நம்பி வண்டியைக் கொடுத்த மனிதரை அப்படி நிறுத்தக் கூடாது. இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுங்கள். அதற்குச் சட்டம் கொடுத்த 14 நாளும் போய்விட்டது.

அடுத்தது ஆர்.சி. புதுப்பிப்பு. சொந்த உபயோக வண்டிக்கு முதல் 15 வருஷம் முடிந்தபின் ஐந்து ஐந்து வருஷமாகத்தான் நீட்டிப்பார்கள். முடியும் தேதிக்கு 60 நாள் இருக்கும்போதிருந்து படிவம் 25 கொடுக்கலாம். 20 வருஷம் தாண்டிய கார், ஜீப் வகைக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 5,000-இல் இருந்து 10,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அன்று வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். இன்ஜின் நம்பரைப் பார்ப்பார், சேஸிஸ் நம்பரைப் பார்ப்பார், பிரேக் பார்ப்பார். பட்டறைப் பட்டியலில் உள்ளதை எல்லாம் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போனால் என்ன ஆகும் என்று எட்டு மாதம் முன்னதாகவே யோசிப்பது நல்லது.

“முடித்துவிட்டு ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம்” என்பது தவறு

பட்டறைக்காரர் இப்படிச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய வண்டிக்குச் சட்டம் தளர்வு என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டும் சரியல்ல. 52-ஆவது பிரிவு வண்டியின் வயதைப் பார்ப்பதில்லை. தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்பதே அதன் சாரம். 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்தது. நிறம் மாற்றுவது போன்ற சிறிய விஷயங்கள் வேறு. அடிப்படை அமைப்பு வேறு. மீறினால் 182ஏ(4) பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். “ஒவ்வொரு” என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் பட்டியலில் எட்டு அயிட்டம் இருக்கிறது.

ஸ்கார்பியோ இன்ஜின் விஷயத்தில், அதுவும் மஹிந்திராதானே என்பது உங்கள் எண்ணம். கம்பெனி ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. இன்ஜின் பழுதாகி மாற்றுவதென்றால் அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினாக, ஆர்.டி.ஓ.விடம் முன்அனுமதி வாங்கி, வாங்கிய ரசீதோடு மாற்ற வேண்டும். உங்கள் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் புகை மட்டும் தள்ளுகிறது என்கிறீர்கள். இன்ஜெக்டர், பம்ப் இரண்டையும் டீசல் பம்ப் பார்ப்பவரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். ஏர் ஃபில்டரையும் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே புகை அடங்கிவிடும்.

புல் பார் வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. ஏர்பேக் விரிவதை அது கெடுக்கும் என்பது சரி, ஏர்பேக்கே இல்லாத வண்டிக்கு என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். நம் ஊர் ரோட்டில் எதிரே வருவது சைக்கிளும் மாடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். அந்த இரும்புக் குழாய் அவர்கள்மேல் என்ன செய்யும் என்பதை நான் வழக்குக் கட்டுகளில் பார்த்திருக்கிறேன்.

மிலிட்டரி பச்சையை இத்தனை பேர் அடிக்கிறார்களே என்று தோன்றும். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதி 121 அந்த ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. வேறு எந்த நிறத்துக்கும் மனுப் போட்டு, அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம்.

நான்கு அங்குல உயரம், அகல டயர் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என்னிடம் வந்த வழக்கு. உயர்த்திய ஜீப், மேலே கேரியரில் சுமை. ஆற்றங்கரைச் சாலையில் எதிரே வந்த வைக்கோல் டிராக்டருக்கு வழிவிட ஒதுங்கியிருக்கிறார்கள். கரையோரம் மழையில் ஊறிக் கிடந்தது. இடது பக்கச் சக்கரம் உள்வாங்க, வண்டி நிதானமாகச் சாய்ந்து பக்கத்து வாய்க்காலில் கவிழ்ந்திருக்கிறது. வேகம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. உட்கார்ந்திருந்தவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். வண்டியை உயர்த்தப் போட்ட நீள ஷேக்கிளையும் (ஸ்பிரிங் பிளேட்டைச் சேஸிஸோடு இணைக்கும் பட்டை) டயரையும் படம் எடுத்துக்கொண்டு போனார். வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி ஒரு பைசா தரவில்லை. பாலிசியில் தெரிவிக்காத மாற்றம் என்ற ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எதிர்த்து வாதாட என்னிடமும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

நம் டெல்டாவில் ஜீப்புக்குப் பெரிய ஆபத்து இதுதான். இங்கே தாண்டிப் போகப் பாறை கிடையாது. ஒருபுறம் ஆறு, மறுபுறம் வயல், நடுவில் பத்தடிக் கரை. உயரம் கூடக் கூட வண்டியின் பாரம் மேலே ஏறும், கவிழ்வது சுலபமாகும். போதாததற்கு நீள ஷேக்கிள் போட்ட வண்டியில் ஸ்டியரிங் நிலைகொள்ளாமல் அலையும். பெரிய டயர் போட்டால் பழைய டிரம் பிரேக் பிடிக்கத் திணறும், சுமார் அறுபது குதிரைசக்தி இன்ஜின் இழுக்கத் திணறும்.

டெல்டா மண் என்ன கேட்கிறது?

உங்கள் 540-ஐ எதற்காகச் செய்தார்களோ அந்த வேலையை அது இன்னும் செய்யும், பழுது இல்லாமல் இருந்தால். எனவே பணத்தை முதலில் அடியில் போடுங்கள்.

கடற்கரைப் பக்கத்து ஜீப்பை உப்புக் காற்று தின்றிருக்கும். பின் ஸ்பிரிங் பிளேட் தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில் சேஸிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று வந்தால் இரும்பு இருக்கிறது. ‘பொத்’ என்று வந்தால் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள். மேலே பெயின்ட் பளபளக்க, உள்ளே அப்பளம் மாதிரி நொறுங்கும். நொறுங்கினால் அதைச் சீர்செய்யும் வரை வேறு எதற்கும் செலவு செய்யாதீர்கள். அப்புறம் கிரௌன் ஆயிலை (ஆக்சில் நடுவில் உள்ள கியர்களின் ஆயில்) ஒரு தட்டில் கொஞ்சம் வடியுங்கள். கறுத்து வந்தால் ஆயில் பழசு. மோர் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகவும் மேலே உள்ள பிரீதர் என்னும் காற்றுத் துவாரம் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் துவாரத்தில் சில நூறு ரூபாய்க்கு ஒரு ரப்பர் டியூப் மாட்டி, பானட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடலாம். மழைக்காலத்துக்கு இதைவிடப் பயனுள்ள வேலையை நான் பார்த்ததில்லை.

ஸ்நார்க்கலை இதற்குப் பிறகுதான் யோசிக்க வேண்டும். இன்ஜின் மூச்சுவிடும் வாய் உயர்ந்துவிட்டதால் வெள்ளத்தில் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். கிளட்ச், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பிரேக் டிரம் எல்லாம் கீழேயேதான் இருக்கின்றன. ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தால் ஜீப்பையும் தள்ளிக்கொண்டு போய்விடும். தரைப்பாலத்தில் தண்ணீருக்கு அடியில் ரோடு இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பதை எந்தக் குழாயும் சொல்லாது. தண்ணீரைத் தாண்டிய பிறகு பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டிக் காய வையுங்கள்.

டயரைப் பொறுத்தவரை, கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுத்த அளவுக்குள், ஆழமான பட்டன் உள்ளதாகப் போடுங்கள். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக் களிமண்ணில் ஒடுங்கின டயர் மேல்சேற்றை அறுத்துக்கொண்டு அடிக்கெட்டிக்குப் போய்ப் பிடிக்கும். அகல டயர் மேலேயே வழுக்கும். உங்கள் பக்கத்து மணலுக்கு அகலம் உதவும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உதவியைக் காசில்லாமலே பெறலாம்: காற்றை 15 முதல் 18 பவுண்டு வரை இறக்கினால் அதே டயர் பரந்து உட்காரும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். ஒரு கேஜும் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்பும் வைத்துக்கொள்ளுங்கள். நடவு வயலில் மட்டும் எந்த டயரோடும் இறங்காதீர்கள். கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டிய டிராக்டரே சில நாள் தவிக்கிற இடம் அது.

மின்சார வின்ச்சைவிட, கையால் இழுக்கும் வின்ச் ஒன்றும் நல்ல நைலான் இழுவை பெல்ட்டும் போதும். முன்னால் நாற்பது கிலோ தொங்காது, பேட்டரியும் படுக்காது. கம்பிக் கயிறு இழுபடும்போது அதன்மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். யாரும் கயிற்றின் பக்கம் நிற்கக் கூடாது. அறுந்த கயிறு காலையே எடுத்துவிடும். மண்வெட்டி, இரண்டு பலகை, முதலுதவிப் பெட்டி. அதோடு, கஜா நாளை நினைத்துப் பாருங்கள்: அன்று வழியை அடைத்தது சேறு அல்ல, விழுந்த மரம். உங்கள் பட்டியலில் இல்லாதது மரம் அறுக்கும் மெஷின்தான். அதை வாங்குங்கள், பாதுகாப்பாக ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியின் பக்கம், லைன் ஆஃப் என்று மின்வாரியத்தார் சொல்லும் வரை யாரும் போகக் கூடாது.

ஆறும் காடும்

கொள்ளிடத்தில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மேலே காய்ந்த மணல், கீழே ஈரம். மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்பது தூரத்தில் தெரியாது. மேட்டூர் நிரம்பினால் முக்கொம்பில் இருந்து உபரி நீரைத் திருப்புவது கொள்ளிடத்தில்தான். இன்னொன்றும் இருக்கிறது. இரவில் ஆற்று மணலில் நிற்கும் ஜீப்பைப் போலீஸ் சுற்றுலா வண்டி என்று நினைக்காது. மணல் கடத்தலில் பிடித்த வண்டியைக் கனிமச் சட்டப்படி பறிமுதல் செய்யலாம். நீங்கள் ஒரு சட்டி மணல்கூட அள்ளவில்லை என்று நிரூபிப்பதற்குள் வண்டி ஸ்டேஷன் வாசலில் மழையில் நனைந்து துருப்பிடித்துவிடும். அப்படி நின்ற வண்டிகளை மீட்க நான் நடந்திருக்கிறேன்.

கோடியக்கரை 1967-இல் இருந்து வனவிலங்குச் சரணாலயம். வனத்துறை அனுமதியோடு, அவர்கள் விடும் பாதையில் மட்டும்தான் வண்டி போகலாம். பாதையை விட்டு விலகினால் அது 1972-ஆம் வருஷ வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வெளிமான் மேயும் புல்வெளி அது. கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிடும் மாதங்களில், ஜனவரி தொடங்கி, மணலுக்குள் நூற்றுக்கு மேல் முட்டை இருக்கும் குழி உங்கள் சக்கரத்துக்கு அடியில் இருப்பதே உங்களுக்குத் தெரியாது. அந்தக் கரையில் பிறந்த நீங்கள் இதைச் செய்ய மாட்டீர்கள் என்றே நம்புகிறேன். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கோ ஜாம்பவானோடையில் படகு ஏறித்தான் போக வேண்டும். ஜீப்புக்கு அங்கே வேலையில்லை. நான்கு சக்கர இழுவையைப் பழக வேண்டுமா? அறுவடை முடிந்த உங்கள் சொந்தத் திடலில் பழகுங்கள். தார் ரோட்டில் மட்டும் அதைப் போடாதீர்கள், கியர்பாக்ஸும் ஆக்சிலும் முறுக்கிக்கொள்ளும்.

மனைவி கேட்டது

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன வேலைகளை மட்டும் செய்தால் 4.20 லட்சத்தில் பாதிக்கு மேல் மிஞ்சும். அதில் வீடு முழுக்க முடியாவிட்டாலும் ஓர் அறைக்காவது கான்கிரீட் தளம் போடுங்கள். புயல் அடிக்கும்போது எந்த ஜீப்பும் வெளியே போகக் கூடாது. மரம் விழுந்தால் நான்கு சக்கர இழுவை தாங்காது. புயல் வருவது இப்போது சில நாள் முன்பே தெரிந்துவிடுகிறது. உங்கள் ஜீப்பின் முக்கியமான வேலை அதற்கு முந்தின நாள்: அப்பாவை அவருடைய இன்ஹேலர், நெபுலைசரோடு திருத்துறைப்பூண்டியிலோ திருவாரூரிலோ ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடுவது.

சேஸிஸ் வேலையையும் டிங்கரிங்கையும் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 28-இல் மேட்டூரை மூடி ஜூன் 12-இல் திறப்பதுதான் வழக்கம் என்பதால் நடுவில் வயல் வேலையும் குறைவு, இரும்பும் காயும்.

கடைசியாக ஒன்று. கஜா அன்று வீட்டில் இருந்தது உங்கள் மனைவி. அடுத்த முறையும் நீங்கள் வெளியூரில் இருக்கலாம். அவருக்கு ஜீப் ஓட்டத் தெரியுமா என்று கடிதத்தில் இல்லை. தெரியாது என்றால், பெயர் மாற்றத்துக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய் எல்.எல்.ஆர்.க்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.